சிலிக்கான் டிடெக்டர்களை ஏன் எப்போதும் குளிரிலேயே வைத்திருக்கிறார்கள்?

ஜெனீவாவை ஒட்டி, பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் அமைந்திருக்கும் எல்.ஹெச்.சி துகள் மோதுவிப்பான் ஒவ்வொரு குளிர்காலத்திலும் சில வாரங்கள் நிறுத்தப்படும். புரோட்டான் கற்றை கிடையாது, மோதல் கிடையாது. ஆனாலும் அட்லஸ், சி.எம்.எஸ் ஆகிய இரு பெரிய சோதனைகளின் மையத்தில் துகள்களின் தடத்தைப் பதிவுசெய்யும் சிலிக்கான் அடுக்குகளை அப்போதும் முடிந்தவரை உறைநிலைக்குக் கீழேயே வைத்திருப்பார்கள். பராமரிப்பு வேலைக்காக வெப்பநிலையை ஏற்றியே ஆக வேண்டும் என்றால், எத்தனை நாள், எத்தனை டிகிரி என்று கணக்கு வைக்கப்படும். வேலை செய்யாத கருவிக்கு எதற்கு இவ்வளவு குளிர்? கதிர்வீச்சு உண்டாக்கிய சேதம் கற்றை நின்றதோடு முடிந்துவிடுவதில்லை. அது படிகத்துக்குள்ளேயே தொடர்ந்து உருமாறுகிறது. எந்த வேகத்தில் உருமாறும் என்பது வெப்பத்தைப் பொறுத்தது.

இதைப் புரிந்துகொள்ள, முதலில் சிலிக்கான் உணரி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். அடிப்படையில் அது பிளஸ் டூ இயற்பியலில் வரும் அதே பி-என் சந்தி டையோடுதான். பின்னோக்குச் சார்பில் வோல்டேஜ் கொடுத்தால் இயக்கமில்லாப் பகுதி விரியும். போதிய வோல்டேஜ் கொடுத்தால் தகட்டின் முழுத் தடிமனும் அந்தப் பகுதியாகிவிடும். அதன் வழியே மின்னூட்டமுள்ள ஒரு துகள் பாய்ந்தால், போகிற வழியெல்லாம் எலக்ட்ரான்-மின்துளை இணைகளை உண்டாக்கிவிட்டுப் போகும். ஓர் இணையை உண்டாக்கச் சராசரியாக 3.6 எலக்ட்ரான் வோல்ட் போதும். 300 மைக்ரான் தகட்டில் வேகமான ஒரு துகள் ஏறத்தாழ 22,000 இணைகளை விட்டுச்செல்கிறது. மின்புலம் அவற்றைப் பிரித்து இழுக்க, சில நானோ வினாடிகளில் சிறு மின் துடிப்பு ஒன்று கிடைக்கிறது. தகட்டின் பரப்பைக் கோடுகளாகவோ நுண்ணிய கட்டங்களாகவோ பிரித்துவிட்டால், துகள் எங்கே பாய்ந்தது என்பது சில மைக்ரான் துல்லியத்தில் தெரிந்துவிடும்.

இருபதாயிரம் எலக்ட்ரான் என்பது அற்பமான மின்னூட்டம். அது காதில் விழ வேண்டுமானால் தகடு அமைதியாக இருக்க வேண்டும், அதாவது சிலிக்கான் மிகமிகத் தூய்மையாக இருக்க வேண்டும். ஒரு கன சென்டிமீட்டர் சிலிக்கானில் 5×10²² அணுக்கள் உண்டு. டிடெக்டருக்கான சிலிக்கானில் வேண்டுமென்றே சேர்க்கும் மாசணுக்கள், பாஸ்பரஸோ போரானோ, அதே கன அளவில் 10¹² என்ற அளவில்தான் இருக்கும். 5,000 கோடி சிலிக்கான் அணுவுக்கு ஒன்று. டையோடின் குணம் முழுவதும் இந்த ஒற்றை அணுவின் தயவில் நிற்கிறது. நம் செல்போனில் இருக்கும் சிப்புகளின் சிலிக்கானில் மாசூட்டல் இதைவிடப் பல ஆயிரம் மடங்கு அதிகம், அதனால் படிகத்தில் கொஞ்சம் குறைபாடு கூடினாலும் அவை பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. டிடெக்டர் சிலிக்கானுக்கு அந்த வசதி இல்லை. கதிர்வீச்சில் அது கெடுவதற்கான காரணமும், முதலில் அது டிடெக்டராகப் பயன்படுவதற்கான காரணமும் ஒன்றேதான்.

சரி, துகள்கள் படிகத்துக்குள் என்ன செய்கின்றன? இணைகளை உண்டாக்குவதால் படிகத்துக்குச் சேதமில்லை, அந்த ஆற்றல் கடைசியில் வெப்பமாகப் போய்விடும். எப்போதாவது ஒரு துகள் சிலிக்கான் அணுவின் கருவின் மீதே மோதிவிடுவதுதான் சிக்கல். சுமார் 25 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கிடைத்தால் அந்த அணு தன் இருக்கையை விட்டுப் பெயர்ந்துவிடும். பின்னால் ஒரு காலியிடம், வேறெங்கோ இடம் தெரியாமல் செருகிக்கொண்ட ஓர் அணு. அடி பலமாக இருந்தால் பெயர்ந்த அணுவே பக்கத்து அணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போய், நூற்றுக்கணக்கான குறைபாடுகள் நெருங்கிக் கிடக்கும் கொத்து ஒன்றை உண்டாக்கும். பெரும்பாலான காலியிடங்களில் ஏதாவது ஓர் அணு உடனே திரும்பி உட்கார்ந்துவிடுகிறது. மீதமுள்ள காலியிடங்களும் பெயர்ந்த அணுக்களும் படிகத்துக்குள் அலைந்து, ஆக்சிஜன், பாஸ்பரஸ், போரான், இன்னொரு காலியிடம் என்று எதோடாவது ஒட்டிக்கொண்டு நிலைத்துவிடும். காலியிடத்தோடு சேர்ந்த பாஸ்பரஸ் அதன்பின் எலக்ட்ரான் தரும் கொடையாளியாக வேலை செய்யாது. 5,000 கோடியில் ஒன்றாக இருந்ததும் போயிற்று.

எல்லாத் துகளும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. கற்றைக்குழாய்க்கு அருகில் மோதலிலிருந்து நேரடியாகத் தெறிக்கும் பையான் எனப்படும் துகள்கள் அதிகம். வெளி அடுக்குகளுக்குப் போகப் போக, அதற்கும் வெளியே துகள்களின் ஆற்றலை அளக்கும் கலோரிமீட்டர்களில் இருந்து திரும்பிச் சிதறும் நியூட்ரான்களின் பங்கு கூடும். இவற்றையெல்லாம் ஒரே அளவுகோலில் கொண்டுவர, 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரான் ஒன்று செய்யும் சேதத்தை அலகாக வைத்திருக்கிறார்கள். 'சதுர சென்டிமீட்டருக்கு 10¹⁵' என்று இந்தத் துறையில் யாராவது சொன்னால், அத்தனை நியூட்ரான் பாய்ந்ததற்குச் சமமான சேதம் என்று பொருள். அளவுகோல் வசதியானதுதான், ஆனால் முழுக்க நம்பிவிட முடியாது. 1990-களில், இப்போது எல்.ஹெச்.சியை இயக்கும் செர்ன் ஆய்வகத்தில் இயங்கிய ஆர்.டி.48 என்ற கூட்டுமுயற்சி, சிலிக்கானில் ஆக்சிஜனைக் கூடுதலாக ஏற்றினால் புரோட்டான், பையான் அடியை அது நன்றாகத் தாங்குகிறது, நியூட்ரான் அடியில் மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை என்று கண்டுபிடித்தது. அளவுகோலின்படி இரண்டும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். அட்லஸின் பிக்சல் (நுண்கட்ட) உணரிகள் அந்த ஆக்சிஜன் ஏற்றிய சிலிக்கானில்தான் செய்யப்பட்டன.

முதலில் கண்ணில் படும் கெடுதல் கசிவு மின்னோட்டம். படிகக் குறைபாடுகள் சிலிக்கானின் ஆற்றல் இடைவெளிக்கு நடுவே படிக்கட்டு போல நிலைகளை உண்டாக்கிவிடுவதால், துகள் எதுவும் வராமலேயே வெப்பத்தால் எலக்ட்ரான்கள் மேலேறி ஓடத் தொடங்கும். இந்த உயர்வு துகள்களின் எண்ணிக்கைக்கு நேர் விகிதத்தில் இருக்கும். இதில் விசித்திரம், சிலிக்கான் எந்த வகை, எப்படி வளர்த்தது, எவ்வளவு ஆக்சிஜன் என்ற எதையும் இது சட்டை செய்வதில்லை. அதனாலேயே கசிவு மின்னோட்டத்தைக் கதிர்வீச்சு அளவுமானியாகவும் பயன்படுத்திக்கொள்கிறார்கள். சேதத்தை வைத்தே சேதத்தின் அளவைக் கணக்கிட்டு, கணினி உருவகிப்பு சொன்ன எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

எண்களில் போட்டுப் பார்த்தால் குளிரின் அவசியம் விளங்கிவிடும். 300 மைக்ரான் தடிமன், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பு உள்ள தகடு 10¹⁵ அளவு அடி வாங்கியிருக்கிறது என்று கொள்வோம். 20 டிகிரி செல்சியஸில் அதன் கசிவு சுமார் 1.2 மில்லி ஆம்பியர். புதிதாக இருந்தபோது அது நானோ ஆம்பியர்களில் இருந்தது. இப்போது 600 வோல்ட் கொடுத்தால் அந்தச் சின்னத் தகடு முக்கால் வாட் அளவுக்குச் சூடாகும். சூடானால் கசிவு கூடும், ஏனென்றால் ஏறத்தாழ ஒவ்வொரு 7 டிகிரிக்கும் அது இரட்டிப்பாகும். கசிவு கூடினால் இன்னும் சூடாகும். இந்தச் சுழல் பிடித்துக்கொண்டால் நிறுத்த முடியாது, உணரியை அணைப்பதுதான் வழி. அதே தகட்டை மைனஸ் 20 டிகிரிக்கு இறக்கினால் கசிவு அறுபதில் ஒரு பங்காகக் குறைந்து, வெப்பம் 12 மில்லி வாட் என்ற அளவுக்கு அடங்கிவிடும்.

சி.எம்.எஸ் சோதனையின் தடம்காணும் பகுதியான டிராக்கரின் கதையே இதற்குச் சாட்சி. சுமார் 200 சதுர மீட்டர் சிலிக்கான் கொண்ட அந்த டிராக்கர் 2010 முதல் 2012 வரையிலான முதல் ஓட்டத்தில் 4 டிகிரி குளிர்திரவத்தில்தான் ஓடியது. அதற்குக் கீழே போனால் சுற்றியுள்ள ஈரப்பதம் குழாய்களில் நீராகப் படிந்துவிடும் என்ற கவலை. 2013-14 நிறுத்தத்தில் ஈரக்காற்று புகும் இடைவெளிகளை அடைத்து, உலர்ந்த வாயுவைச் செலுத்தும் ஏற்பாடுகளைப் பலப்படுத்திய பிறகே மைனஸ் 15-க்கு இறக்க முடிந்தது. பிறகு மைனஸ் 20, அதற்கும் கீழே என்று போனது. அடிப்படை இயற்பியல் ஆராய்ச்சி என்கிறோம், அன்றாடத்தில் பாதி வேலை ஓட்டை அடைப்பது.

அடுத்தது, சிலிக்கான் தன் வகையையே மாற்றிக்கொள்வது. காலியிடங்கள் பாஸ்பரஸை முடக்குகின்றன, கூடவே சில குறைபாடுகள் எலக்ட்ரானைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பான்களாக நடந்துகொள்கின்றன. என்-வகையாகத் தொடங்கிய தகட்டில் கொடையாளிகள் குறைந்து குறைந்து, ஒரு கட்டத்தில் நிகர மாசூட்டல் பூஜ்யத்தைத் தொட்டு, அப்புறம் பி-வகையாக வளரத் தொடங்கும். இது எல்.ஹெச்.சியின் இன்னொரு சோதனையான எல்.ஹெச்.சி.பி-யின் வெலோ டிடெக்டரில் நேரடியாகவே பதிவானது. கற்றையிலிருந்து வெறும் 8.2 மில்லிமீட்டரில் தொடங்கும் உணரிகள் அவை. கற்றையைச் செலுத்தும்போது விலகி நின்று, அது நிலைப்பட்ட பிறகு நெருங்கி வரும்படி அமைத்திருந்தார்கள். சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 15 லட்சம் கோடி நியூட்ரான் அளவு சேதத்தில் வகை மாற்றம் நடந்ததாக அந்தக் குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அது எதிர்பார்த்ததே. எதிர்பாராத ஒன்றும் அதே ஆய்வில் இருந்தது: உணரியின் மேல் இரண்டாவது உலோக அடுக்காக ஓடும் இணைப்புக் கம்பிகள், கதிரடிக்குப் பின் மின்னூட்டத்தின் ஒரு பகுதியைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தன. சிலிக்கானின் உட்பகுதியைப் பற்றி அத்தனை கணக்குப் போட்டும், மேலே கிடந்த கம்பி இப்படிச் செய்யும் என்று யாரும் நினைக்கவில்லை.

வகை மாறினால் என்ன நஷ்டம்? நிகர மாசூட்டல் கூடக் கூட, தகடு முழுவதையும் இயக்கமில்லாப் பகுதியாக்கத் தேவையான வோல்டேஜும் கூடும். 300 மைக்ரான் தகட்டில் மாசூட்டல் 10¹² என்றால் 70 வோல்ட் போதும். பத்து மடங்கானால் 700 வோல்ட் வேண்டும். கேபிள், மின்வழங்கி, இணைப்பான் எல்லாவற்றுக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. அட்லஸில் கற்றைக்கு மிக அருகில், 33 மில்லிமீட்டரில், 2014-இல் செருகப்பட்ட ஐ.பி.எல் என்ற உள்ளடுக்கு 80 வோல்ட்டில் வேலையைத் தொடங்கியது. 2018-க்குள் அதை 400 வோல்ட்டுக்கு ஏற்ற வேண்டியிருந்தது.

இனி அந்தக் குளிர்காலக் கேள்வி. பெயர்ந்த அணுக்களும் காலியிடங்களும் படிகத்துக்குள் நகர வெப்பம் வேண்டும். அறை வெப்பத்தில் விட்டால் முதல் இரண்டு மூன்று வாரங்களில் சில குறைபாடுகள் தாமாகவே மறைந்து, தேவைப்படும் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும். கசிவும் குறையும். இதை அனீலிங் என்பார்கள். ஆஹா, தானே குணமாகிறதே என்று அப்படியே விட்டுவிட்டால் மாதக்கணக்கில் வேறொரு மாற்றம் மெதுவாகத் தலைதூக்கும். புதிய ஏற்பான்கள் உருவாகி வோல்டேஜ் தேவை மறுபடி ஏறத் தொடங்கி, முதலில் இருந்ததையும் தாண்டிப் போகும். இது ரிவர்ஸ் அனீலிங். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இது நடைமுறையில் உறைந்து நின்றுவிடும். ஆக, பராமரிப்பின்போது சில நாள் வெப்பம் பட்டால் நல்லதே. சில மாதம் என்றால் கேடு. கசிவு மின்னோட்டமோ இந்த இரண்டாம் கட்டம் இல்லாமல், வெப்பம் பட்டால் குறைந்துகொண்டேதான் போகும். ஒன்றுக்கு இதமானது இன்னொன்றுக்கு ஆகாது என்பதால், நிறுத்த நாட்களின் வெப்பக் கணக்கை முன்கூட்டியே மாதிரி போட்டுப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவானதால் 'ஹாம்பர்க் மாதிரி' என்று பெயர்பெற்ற சமன்பாடுகள்தான் இன்றும் இந்தக் கணக்குக்கு அடிப்படை.

வோல்டேஜையும் கசிவையும் எப்படியோ சமாளித்துவிடலாம். 10¹⁵-ஐத் தாண்டினால் பெரிய எதிரி, மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் பொறிகள். எலக்ட்ரான் முனையத்தை நோக்கி ஓடும் வழியில் ஒரு குறைபாட்டில் விழுந்து மாட்டிக்கொள்கிறது. சிறிது நேரத்தில் விடுபடவும் செய்யும், ஆனால் எல்.ஹெச்.சியில் 25 நானோ வினாடிக்கு ஒரு முறை அடுத்த மோதல் வந்துவிடுகிறது. டீ குடிக்க இறங்கி ரயிலைத் தவறவிட்டவர் பிளாட்பாரத்துக்கு ஓடி வந்து என்ன பயன்? 10¹⁵ அளவில் ஓர் எலக்ட்ரான் மாட்டாமல் ஓடக்கூடிய சராசரி நேரம் 2 நானோ வினாடி. அதன் உச்ச வேகம் நானோ வினாடிக்குச் சுமார் 100 மைக்ரான், அதனால் 200 மைக்ரான் வரை போய்விடும். 10¹⁶-க்கு இதே விகிதத்தை நீட்டினால் 20 மைக்ரான்தான் மிச்சம். 300 மைக்ரான் தகட்டில் உண்டான எலக்ட்ரான்களில் பெரும்பகுதி முனையத்தைப் பார்க்கவே பார்க்காது. இதற்கு வோல்டேஜும் மருந்தில்லை, குளிரும் மருந்தில்லை. எலக்ட்ரானின் வேகத்துக்கு ஓர் உச்சம் இருக்கிறதே.

என் பார்வையில் இந்தத் துறையின் சாமர்த்தியம் முழுவதும் இங்கேதான் வெளிப்படுகிறது. கெடாத சிலிக்கானைத் தேடும் முயற்சி ஓரளவுதான் பலித்தது. ஆக்சிஜன் கொஞ்சம் உதவியது, அவ்வளவே. உண்மையில் கைகொடுத்தது வடிவமைப்பு. சிலிக்கான் கெட்டுப்போகட்டும், மின்னூட்டம் ஓட வேண்டிய தூரத்தைக் குறைத்துவிடுவோம் என்று யோசித்தார்கள். மின்துளைகளுக்குப் பதிலாக, வேகமாக ஓடும் எலக்ட்ரான்களைச் சேகரிக்கும்படி முனையங்களை மாற்றினார்கள். அடித்தளத்தையே பி-வகையாகத் தேர்ந்தெடுத்தால் வகை மாறும் தொல்லையும் இல்லை, மின்புலம் வலுவாக இருக்கும் பக்கமும் முனையத்தை விட்டு நகராது. தகட்டை 300 மைக்ரானிலிருந்து 100-க்கு மெலிதாக்கினார்கள். சைகை மூன்றில் ஒரு பங்காகி, 7,000 எலக்ட்ரான் அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் தேவையான வோல்டேஜ் ஒன்பதில் ஒரு பங்காகிறது, சூடாகும் கன அளவும் குறைகிறது. 1,000 எலக்ட்ரானுக்கும் கீழே உள்ள சைகையைப் பிடிக்கக்கூடிய சிப்புகள் வந்த பிறகே இது சாத்தியமானது.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 1997-இல் இயற்பியலாளர் ஷெர்வுட் பார்க்கரும் அவருடைய சகாக்களும் முன்வைத்த முப்பரிமாண உணரி. அதுவரை முனையங்கள் தகட்டின் மேலும் கீழும் இருந்தன. தடிமன் எவ்வளவோ அவ்வளவு ஓட்டம். பார்க்கர் குழு, தகட்டைச் செங்குத்தாகத் துளைத்து, மெல்லிய தூண்களாக முனையங்களை உள்ளே இறக்கலாம் என்றது. அப்போது துகள் தடிமன் முழுவதும் மின்னூட்டத்தை விட்டுச்செல்லும், அந்த மின்னூட்டமோ பக்கத்துத் தூணுக்கு ஓடினால் போதும். சைகையின் அளவுக்கும் ஓட்டத் தூரத்துக்கும் இருந்த முடிச்சையே அவிழ்த்துவிட்டார்கள். செய்வது எளிதல்ல, விலையும் அதிகம். முதன்முதலாக ஒரு மோதுவிப்பான் சோதனையில் இடம்பெற அதற்கு 2014-இன் ஐ.பி.எல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதிலும் கால்பங்குப் பரப்பில்தான். இப்போது தயாராகும் அட்லஸின் புதிய டிராக்கரில் மிக உள்ளே இருக்கும் அடுக்கு முப்பரிமாண உணரிகளுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

உணரியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அதோடு ஒட்டியிருக்கும் மின்னணுச் சிப்புகள் வேறு வகையில் அடிவாங்குகின்றன. அவற்றில் பிரச்சினை பெயரும் அணுக்கள் அல்ல, ஆக்சைடு படலங்களில் தேங்கிப்போகும் மின்னூட்டம். 2015-இல் ஐ.பி.எல் சிப்புகளின் மின்னோட்டம் திடீரென ஏறியது. அதனால் வெப்பநிலை மாற, உணரிகளைத் தாங்கும் சட்டங்கள் சில மைக்ரான் வளைந்தன. சில மைக்ரான் என்பது அங்கே பெரிய விஷயம், துகளின் தடத்தையே அது தள்ளிக் காட்டிவிடும். 2017-இல் சி.எம்.எஸ் தன் புதிய பிக்சல் டிடெக்டரில் மின்னழுத்தத்தை மாற்றித் தரும் சிப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழப்பதைக் கண்டது. கதிரடி பட்ட சிப்பை அணைத்துப் போடும்போதுதான் அது பழுதாகிறது என்று பின்னர் தெரியவந்தது. பழுதைச் சரிசெய்ய எல்லோரும் முதலில் செய்வது அணைத்துப் போடுவதைத்தானே! அந்தக் குளிர்காலத்திலேயே எல்லாச் சிப்புகளையும் மாற்றினார்கள்.

இப்படிப் படித்தால் எல்லாம் முன்கூட்டியே கெட்டுவிடும் என்று தோன்றும். அமெரிக்காவின் ஃபெர்மிலாபில் இருந்த சி.டி.எஃப் சோதனை அதற்கு மாற்றுச் சான்று. அதன் சிலிக்கான் டிடெக்டருக்கு இடையில் மாற்று வைக்கத் திட்டமிருந்தது, 2003-இல் அது கைவிடப்பட்டது. சில ஆண்டுக்கென்று கணக்கிட்ட பழைய உணரிகளே, திட்டமிட்டதைப் போலப் பல மடங்கு மோதல்களைத் தாங்கி, 2011-இல் அங்கிருந்த டெவட்ரான் மோதுவிப்பான் மூடப்படும் வரை ஓடின. வோல்டேஜை அளந்து அளந்து ஏற்றியதும் குளிரை விடாமல் காத்ததும் அதற்குக் கைகொடுத்தன.

இந்த தசாப்தத்தின் இறுதியில் எல்.ஹெச்.சி பலமடங்கு மோதல்களோடு மறுபிறவி எடுக்கவிருக்கிறது. அதன் உள்ளடுக்குகள் வாழ்நாளில் வாங்கப்போகும் அடி 2×10¹⁶, அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 200 கோடி கோடி நியூட்ரானுக்குச் சமம். அதற்காகக் கார்பன் டை ஆக்சைடைக் குளிர்திரவமாக ஓடவிட்டு மைனஸ் 35 டிகிரி அளவுக்கு இறக்கப்போகிறார்கள். ஆனாலும் அட்லஸ் தன் மிக உள்ளிரு அடுக்குகளைப் பாதி வழியில் கழற்றி மாற்றும்படியே வடிவமைத்திருக்கிறது. வாழ்நாள் முழுவதும் தாங்கும் என்று யாரும் பாவனை செய்யவில்லை. தடங்களை மீட்டெடுக்கும் மென்பொருளும் இந்த முதுமையைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. 2022-இல் தொடங்கிய ஓட்டத்துக்கான அட்லஸின் உருவகிப்புகளில், உணரி புதிதாக இருப்பதாக அல்லாமல், பொறிகளும் கோணலான மின்புலமும் கொண்டதாகவே கணக்கிடுகிறார்கள்.

அதற்கும் அப்பால், செர்னில் பேசப்படும் சுமார் 90 கிலோமீட்டர் சுற்றளவுள்ள புரோட்டான் மோதுவிப்பானின் உள்ளடுக்கில் இந்த எண் 10¹⁷-ஐத் தாண்டும். இதுவரை சொன்ன விகிதங்களை அங்கே நீட்டினால் எலக்ட்ரான் 2 மைக்ரான்கூடப் போகாது, கதை முடிந்தது என்றுதான் வரும். ஆனால் ஸ்லோவேனியாவின் லுப்லியானாவில் உள்ள சிறிய ஆராய்ச்சி உலையில் வைத்து 10¹⁷ வரை நியூட்ரான் அடித்த மெல்லிய உணரிகள் அந்தக் கணக்கைப் பொய்யாக்கியிருக்கின்றன. கசிவும் சரி, பொறிகளும் சரி, நேர்விகிதத்தில் எதிர்பார்த்த அளவுக்கு ஏறவில்லை. ஏற்கெனவே கலைந்து கிடக்கும் படிகத்தில் புதிய அடி பழைய விகிதத்தில் சேதம் சேர்ப்பதில்லை போலிருக்கிறது. அந்த அளவில் எந்தக் குறைபாடு என்ன செய்கிறது என்று பிரித்துப் பார்ப்பது, இருபது ஆண்டுகளுக்கு மேல் இயங்கிய ஆர்.டி.50 கூட்டுமுயற்சியின் இடத்தில் இப்போது வந்திருக்கும் டி.ஆர்.டி.3 குழுக்களின் வேலைகளில் ஒன்று.